சித்திரை லீவும் நம் பிள்ளைகளும்: கடன்படாமல் வசந்தத்தை வரவேற்போம்



மாசிப் பனி விலகி, பங்குனி வெயில் ஏறி, பின்னேரங்களில் இடி முழக்கத்தோடு மழை இறங்கத் தொடங்கினால் சித்திரை கிட்டிவிட்டது என்று அர்த்தம். பாடசாலைக்கும் லீவு விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் காலையில் எழும்பும்போதே, "அம்மா, வருஷத்துக்கு என்ன வாங்கித் தருவீங்க? இன்னைக்கு எங்க கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் கையில் காசு இல்லாத வீட்டில் இது பெரிய பாரம். சில வீடுகளில் பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது. சில வீடுகளில் பிள்ளையின் முகம் வாடக்கூடாதே என்று கடன் வாங்குகிறார்கள். இரண்டு வழியிலும் லீவு கசந்துதான் போகிறது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கே இந்தப் பாடம். பிள்ளைக்கு லீவை இனிக்க வைப்பது பெரியவர்கள் கூட இருக்கும் நேரம். அந்த நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் சிறு செலவே போதும். ஒதுக்காவிட்டால் எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் போதாது.

1. நம் மலைகளில் வசந்தம் எப்படி வருகிறது?

சீமையில் இருப்பது போல உறைபனி உருகி வசந்தம் வருவது நம் நாட்டில் கிடையாது. ஆனாலும் தமிழ் மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் காலம். மலைநாட்டில் வாழும் நமக்கு அந்த மாற்றம் நன்றாகவே தெரியும்.

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் பனி உறையும். அந்தக் குளிரில் கொழுந்து மெதுவாகத்தான் வளரும். மார்ச், ஏப்ரல் மாதங்கள் இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட காலம். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்துவிடும். தென்மேல் பருவக்காற்று மே மாதத்தில்தான் தொடங்கும். நடுவிலே காற்று பலமில்லை. காலையில் நல்ல வெயில், பின்னேரம் இடியோடு மழை. வெயிலும் மழையும் மாறி மாறிக் கிடைப்பதால் தேயிலை ஒரே மூச்சில் துளிர்க்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கூடை நிறையக் கொழுந்து வருவது இதனால்தான்.

பறவைகளும் காலம் அறிந்து நடக்கின்றன. குளிர் காலத்தில் வட நாடுகளிலிருந்து வந்து நம் ஆற்றோரக் கற்களில் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்த சாம்பல் வாலாட்டிக் குருவி, ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போய்விடும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவும் ஆறுமணிக் குருவியும் அப்படியே. உயரம் குறைந்த பக்கங்களில் குயில் கூவத் தொடங்கும். முள்முருக்கு மரம் சிவப்பாகப் பூக்கும். நம் சிங்கள அயலவர்கள் அதை 'எரபது' என்பார்கள். குயில் கூவி, எரபது பூத்தால் புதுவருஷம் வந்துவிட்டது என்பது அவர்களுடைய கணக்கு.

இவை எல்லாம் நம் வாசலிலேயே இலவசமாக நடக்கின்றன. பிள்ளைக்கு அதைக் காட்டிக் கொடுக்க ஓர் ஆள்தான் தேவை.

2. காசு எங்கே போகிறது?

பெரும்பாலான தோட்டங்களில் 10ஆம் திகதி சம்பளம். வருஷப் பிறப்பு 13 அல்லது 14ஆம் திகதியில் வரும். இடையில் மூன்று நான்கு நாட்கள்தான். அந்த நாட்களில் டவுனுக்குப் போய் அவசர அவசரமாக வாங்குகிறோம். கடைக்காரர் சொன்னதுதான் விலை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மாதத்தின் மிச்ச இருபது நாட்களுக்கும் மாவுக்குக் காசில்லை.

அப்போதுதான் கடன் நுழைகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பண்டிகை முற்பணமாக 20,000 ரூபாய் எடுத்து, அதைப் பத்து மாதத்தில் கழிப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 ரூபாய் சம்பளத்தில் குறையும். முற்பணத்துக்கு வட்டி இல்லை என்றாலும், அடுத்த பத்து மாதங்களும் சம்பளச் சீட்டு இளைத்துத்தான் வரும்.

வெளியே வட்டிக்கு வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால், மாத வட்டி 1,000 ரூபாய். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை ஆறு மாதத்தில் 6,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். முதல் 10,000 அப்படியே நிற்கும். அதற்குள் தீபாவளி வந்து நிற்கும். பிள்ளையின் சப்பாத்துக்கும் கொப்பிக்கும் வைக்க வேண்டிய காசு, ஒரு நாள் பட்டாசுக்கு வட்டியாகப் போகிறது. கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன் எடுத்த வீடுகளில் இந்தத் துன்பம் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை, சம்பளத்துக்கு முன்பே ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுவது. பிள்ளைகளையும் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வருஷம் நம்மகிட்ட இவ்வளவுதான் இருக்கு. இதுல என்ன செய்யலாம், சொல்லுங்க" என்று கேளுங்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது நன்றாக விளங்கும். ஒளித்து மறைத்துவிட்டு, கடைசியில் "காசில்ல, போ" என்று துரத்துவதுதான் பிள்ளையின் மனதைப் புண்படுத்தும்.

3. காசே இல்லாமல் செய்யக்கூடியவை

(அ) நிழல் மறையும் நண்பகல்

இது பெரிய பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. ஏப்ரல் மாதத்தின் முதல் இரண்டு கிழமைகளில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. தெற்கே மாத்தறைப் பக்கத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து யாழ்ப்பாணம் வரை போகிறது. ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பகுதிகளுக்கு ஏப்ரல் 7ஆம் திகதியை ஒட்டியும், கண்டிக்கு 8ஆம் திகதியை ஒட்டியும் அது நேர் உச்சியில் நிற்கும்.

லயத்து வாசலில் சமமான இடத்தில் ஓர் அடி உயரமான நேரான குச்சியை நடுங்கள். நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று தெரியும். ஏப்ரல் 1ஆம் திகதியிலிருந்து நாள்தோறும் பகல் 12 மணி 10 நிமிடமளவில் நிழலின் நுனியில் ஒரு சிறு கல்லை வைக்கச் சொல்லுங்கள். முதல் நாட்களில் நிழல் வடக்கே கொஞ்சம் விழும். ஒவ்வொரு நாளும் குறுகும். 7ஆம் திகதியளவில் நிழல் குச்சியின் அடியிலேயே மறைந்துபோகும். பிறகு தெற்குப் பக்கம் மெல்ல நீளத் தொடங்கும். செப்டம்பர் முதல் கிழமையில் சூரியன் திரும்பி வரும்போது நிழல் இன்னொரு முறை மறையும்.

மேகம் மூடினால் ஒன்றிரண்டு நாள் தவறும், அதனால் குற்றமில்லை. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு அழுத்திச் சொல்லுங்கள். விஞ்ஞானப் பாடத்தில் படித்ததைப் பிள்ளை தன் வாசலிலேயே பார்த்துவிடும். பெரியவர்கள் மலையில் நிற்கும் நேரம் இது. மாலையில் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்குக் கல்லு எங்க வந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவே பிள்ளைக்குப் பெரிய ஊக்கம்.

(ஆ) வசந்தக் கொப்பி

பழைய கொப்பியில் மிஞ்சிய தாள்களைக் கிழித்துத் தைத்தால் ஒரு புதுக் கொப்பி. அதில் நாளுக்கு ஒரு வரி: இன்று என்ன பறவை பார்த்தேன், எந்தப் பூ பூத்தது, மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது. எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை படம் கீறட்டும். வாலாட்டிக் குருவியைக் கடைசியாகக் கண்ட நாள் எது என்று எழுதி வைத்தால், அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தேயிலையைப் பற்றி எழுத வேறு ஆசிரியர் தேவையா? அரும்பும் இரண்டு இலையும் எது, கரட்டு இலை எது, கவ்வாத்து வெட்டிய மலை எத்தனை நாளில் துளிர்க்கும் என்பதெல்லாம் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு விரல் நுனியில் இருக்கிறது. "எனக்கு என்னா தெரியும், நான் படிக்காதவ" என்று சொல்லாதீர்கள். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். அந்தத் தேயிலையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த கைகள் யாருடையவை என்பதை வீட்டில்தான் சொல்ல வேண்டும்.

(இ) சமையலறை விதைகள்

விதை பாக்கெட் வாங்கக் காசில்லையா? அடுப்படியைத் தேடிப் பாருங்கள். மல்லி, பாசிப்பயறு, கடுகு, முளைவிட்ட உருளைக்கிழங்கு, வெள்ளைப்பூண்டு எல்லாமே முளைக்கக்கூடியவை. மல்லி விதையைக் கையால் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைத்தால் இரண்டு மூன்று கிழமையில் முளை தெரியும். பழைய பால்மா டின்னில் அடியிலே மூன்று நான்கு துளை போட்டு மண் நிரப்பினால் அதுவே சாடி. இஸ்தோப்பில் வெயில் படும் இடத்தில் வைக்கலாம்.

வீட்டுப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருந்தால் போஞ்சியும் முள்ளங்கியும் நல்லது. இரண்டும் சீக்கிரம் பலன் தரும்; பிள்ளையின் பொறுமைக்கு ஏற்றவை. போஞ்சி விதை ஒரு கிழமை, பத்து நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில் மே கடைசியில் தென்மேல் பருவமழை பலமாக இறங்கும் என்பதால் அதற்கு முன் செடி வேர் பிடித்திருக்க வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கங்களில் ஜூன் மாதத்துக்குப் பிறகு வரட்சி தொடங்கும். இரண்டு பக்கத்துக்கும் சித்திரை மழையோடு விதைப்பதுதான் வசதி.

சின்னப் பிள்ளைக்குப் பாசிப்பயறே போதும். இரவில் ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் ஓரிரு நாளில் முளைத்துவிடும். தான் வளர்த்ததை அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுச் சாப்பிடும்போது, பயறு வேண்டாம் என்று அழுத பிள்ளையும் கேட்டுச் சாப்பிடும். உடம்புக்கும் நல்லது.

(ஈ) பழைய விளையாட்டுகள்

கிளித்தட்டு, கிட்டிப்புள், பல்லாங்குழி, சாக்கு ஓட்டம், கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுவது, கண்ணைக் கட்டி முட்டி உடைப்பது, யானைக்குக் கண் வைப்பது இவற்றில் எதற்குப் பெரிய செலவு? யானைக்கு ஒரு கரித்துண்டும் ஒரு சுவரும் போதும். ஒரு லயத்து வீடுகள் எல்லாம் சேர்ந்தால் வருஷப் பிறப்புக்கு அடுத்த நாள் காலையில் நல்ல விளையாட்டு விழாவே நடத்தலாம். பரிசாக ஆளுக்கொரு பென்சில் போதும். தோற்ற பிள்ளைக்கும் ஒன்று கொடுங்கள். பக்கத்து லயத்தில் சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழையுங்கள். பெண் பிள்ளைகளை அடுப்படியில் நிறுத்தி வைத்துவிட்டு ஆண் பிள்ளைகளை மட்டும் விளையாட விடுவது நியாயமில்லை.

(உ) பாட்டியின் கதை

நம் மலையகத்துக்கே உரிய வசந்த விழா ஒன்று இருக்கிறது. அதுதான் காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, ரதி மன்மதன் கதையை இரவுகளில் ஆடிவருவார்கள். தவத்தில் இருந்த சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிப்பதும், ரதி அழுவதும், அவள் வேண்டுதலுக்கு இரங்கி அவனை எழுப்பிக் கொடுப்பதும்தான் கதை. மன்மதனுக்குத் தோழன் வசந்தன் என்பது புராணம். குளிரில் ஒடுங்கியது மறுபடி துளிர்க்கிறது என்ற அர்த்தம் இந்தக் கதைக்குள் இருக்கிறது.

சில தோட்டங்களில் இந்தக் கூத்து இன்றும் நடக்கிறது, சிலவற்றில் நின்றுவிட்டது. நின்றுபோன தோட்டங்களில்கூட, ரதியாக வேஷம் கட்டியவரும் தப்படித்தவரும் இன்னும் லயத்தில் இருப்பார்கள். மழை பெய்யும் ஒரு மாலையில் பிள்ளைகளை அவரிடம் அனுப்பி, "தாத்தா, நீங்க கூத்தாடின கதையச் சொல்லுங்க" என்று கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கதை கிடைக்கும்; பெரியவருக்கு மரியாதை கிடைக்கும்.

4. சிறு செலவில் செய்யக்கூடியவை

பலகாரத்தைக் கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்வது மலிவு, பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். எண்ணெய்ப் பலகாரம் ஒன்று போதும். மற்றது எண்ணெய் தேவையில்லாத பயற்றம் உருண்டையாக இருக்கட்டும். அரைக் கிலோ பாசிப்பயற்றை வாசம் வர வறுத்து, அரைத்து மாவாக்கி, 300 கிராம் சர்க்கரையைப் பாகு காய்ச்சிச் சேர்த்து, கொஞ்சம் வறுத்த தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்தால் உருண்டை பிடிக்கலாம். வறுப்பதும் பாகு காய்ச்சுவதும் பெரியவர்கள் வேலை. சூடு ஆறிய பிறகு உருட்டுவது பிள்ளைகள் வேலை. ஒழுங்கில்லாமல் உருட்டினாலும் ருசி குறையாது.

உடுப்பு எல்லோருக்கும் புதிதாக வேண்டும் என்றில்லை. பாடசாலைக்கும் பயன்படும் ஒன்றை வாங்கினால் இரட்டிப்பு லாபம். பெரியவர்கள் பழையதைத் தோய்த்து உடுத்தலாம். கோயிலில் தரும் மருத்து நீர் வைத்துக் குளிப்பதற்கும், வாசலில் மாக்கோலம் போடுவதற்கும், பெரியவர் கையால் ஒரு ரூபாய்க் காசைக் கைவிசேஷமாக வாங்குவதற்கும் கடன் தேவையில்லை. கோலத்துக்குப் புள்ளி வைக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

பயணம் ஒன்று போக ஆசையா? நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் 'சீசன்'. மலர்க் காட்சி, குதிரைப் பந்தயம் என்று நாடு முழுவதிலுமிருந்து சனம் வந்து குவியும். பஸ்ஸில் இடமிருக்காது, சாப்பாடு விலை ஏறிவிடும். சித்திரை கடைசியில் அல்லது வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் அதே பூக்களை அமைதியாகப் பார்க்கலாம். ஹக்கல பூந்தோட்டம் ரோசாவுக்குப் பேர் பெற்றது. அது 1861இல் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து எடுக்கும் சிங்கோனா மரங்களை வளர்க்கத் தொடங்கப்பட்ட இடம் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கண்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு 1821இல் தொடங்கிய பேராதனைத் தோட்டம் இருக்கிறது. ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணிப் போத்தலும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். உள்ளே போய் வாங்கித் தரச் சொல்லி அழக்கூடாது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டுக்கு, உடுப்பு நீங்கலாக, 3,000 ரூபாய்க்கு ஒரு மாதிரிக் கணக்கு:

பலகாரச் சாமான் – 1,200 ரூபாய்
பஸ் காசும் நுழைவுச் சீட்டும் – 1,000 ரூபாய்
விளையாட்டு விழாவுக்கு வீட்டுப் பங்கு – 200 ரூபாய்
போஞ்சி, முள்ளங்கி விதை – 200 ரூபாய்
எதிர்பாராத செலவுக்கு – 400 ரூபாய்

விலை இடத்துக்கு இடம் மாறும். தூரம் கூடினால் பயணத்தை விட்டுவிட்டு, பக்கத்து அருவிக்கோ பெரிய கோயிலுக்கோ நடந்து போய் வரலாம். தொகையைவிட, எழுதி வைத்த கணக்கைத் தாண்டாமல் இருப்பதுதான் முக்கியம். கணக்கை எழுதும் வேலையை மூத்த பிள்ளைக்குக் கொடுத்தால் அதுவும் ஒரு பாடம்.

மாசியிலிருந்தே கிழமைக்கு 300 ரூபாய் உண்டியலில் போட்டால் பத்துக் கிழமையில் இந்த 3,000 சேர்ந்துவிடும். கடனே வேண்டாம். இந்த வருஷம் தவறிவிட்டால் தீபாவளிக்காவது தொடங்குங்கள்.

5. நேரம் எங்கிருந்து வரும்?

"இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கொழுந்துக் காலத்துல எங்களுக்கு ஏது நேரம்?" என்று தாய்மார் கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. உண்மைதான். பிள்ளைக்கு லீவு கிடைக்கும் மாதத்தில்தான் மலையில் கொழுந்தும் கொட்டிக் கிடக்கிறது. கூடுதல் கிலோவுக்குக் காசு, ஞாயிற்றுக்கிழமை கைக்காசு என்று நாலு காசு பார்க்கக்கூடிய காலமும் அதுவே. அதை விடச் சொல்ல எங்களுக்கு மனம் வராது.

ஆகவே அளந்து ஒதுக்குவோம். மாதத்தில் நான்கு ஞாயிறு என்றால் மூன்று ஞாயிறு கைக்காசுக்குப் போங்கள். ஒரு ஞாயிறு பிள்ளைக்கு. மற்ற நாட்களில் மாலையில் அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியில் டெலிவிசனும் போனும் மூடியிருக்க வேண்டும்.

அந்த அரை மணி அம்மாவுக்குக் கிடைக்க வேண்டுமானால் அப்பா ஒரு வேலையைக் கையில் எடுக்க வேண்டும். பீலியில் தண்ணீர் பிடிப்பது, விறகு பிளப்பது, ரொட்டி தட்டுவது எதுவானாலும் சரி. மலையிலிருந்து வந்த கால் நோவோடு அடுப்பையும் பிள்ளையையும் ஒரே ஆள் பார்க்க முடியாது. இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறோம். வருஷப் பிறப்பன்று சாராயத்துக்குப் போகும் காசு, மேலே சொன்ன கணக்கு முழுவதையும் விழுங்கிவிடும். அன்று அப்பா தெளிவாக இருந்து ஊஞ்சல் கட்டி ஆட்டிவிட்டால், புது உடுப்பு இல்லாத குறைகூடப் பிள்ளைக்குத் தெரியாது.

பெரியவர் இல்லாத நேரத்தில் சின்னவர்களை யார் பார்ப்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். பிள்ளை மடுவத்துக்குப் போகும் வயதுப் பிள்ளையை லீவில் அக்காவிடம் விட்டுவிடும் பழக்கம் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கும் அது லீவுதான். மடுவம் திறந்திருக்கும் நாட்களில் சின்னவர்களை அங்கேயே விடுங்கள்.

6. கவனிக்க வேண்டியவை

– சித்திரை மழை பெரும்பாலும் பின்னேரம் வரும். மின்னலும் கூடவே வரும். வெளியே போவதை மதியத்துக்குள் முடியுங்கள். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் வீட்டுக்குள் வரவேண்டும்.

– மேலே மலையில் மழை பெய்தால் கீழே ஆறும் கானும் சட்டென்று பெருகும். பெரியவர் இல்லாமல் குளிக்க விடாதீர்கள்.

– குளவிக் கூடு இருக்கும் மரத்தடி, பாறைப் பக்கம் போகக் கூடாது; கல்லெறியவே கூடாது.

– மருந்து அடித்த மலையில் விளையாடவோ, அங்குள்ள கீரை பறிக்கவோ வேண்டாம்.

– நுவரெலியாப் பக்கம் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளைப் பூச் செடி ஊமத்தை இனத்தைச் சேர்ந்தது. பார்க்க அழகு; உள்ளே போனால் நஞ்சு. பூவை வாயில் வைக்க விடாதீர்கள். தெரியாத காட்டுப் பழமும் காளானும் அப்படியே.

– 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாட்டில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்பதை நாம் மறக்க மாட்டோம். சரிந்த இடங்களுக்கும், வெடிப்பு விழுந்த சரிவுகளுக்கும் வேடிக்கை பார்க்கக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

7. வீட்டில் பேசிப் பார்க்க

1. போன வருஷப் பிறப்புக்கு வாங்கியவற்றில் இன்று மிச்சமிருப்பது என்ன? அதற்காகப் பட்ட கடன் தீர்ந்துவிட்டதா?

2. நாம் சிறுபிள்ளையாக இருந்தபோது லீவில் செய்தவற்றில் இன்னும் ஞாபகத்தில் இருப்பது எது? அதற்கு எவ்வளவு காசு செலவானது?

3. இந்த மாதத்தில் பிள்ளைக்கென்று ஒதுக்கப்போகும் ஞாயிறு எது? (கலண்டரில் பிள்ளையே வட்டம் போடட்டும்.)

4. அம்மாவின் வேலைகளில் அப்பாவும் பெரிய பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளக்கூடியது எது?

5. நம் லயத்தில் கதை சொல்லத் தெரிந்த பெரியவர் யார்?

கடைசியாக ஒரு சின்ன வேலை. வருஷப் பிறப்பன்று ஒவ்வொரு பிள்ளையையும் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு கோடு போட்டு வருஷத்தை எழுதி வையுங்கள். அடுத்த சித்திரையில் அடுத்த கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பிள்ளை ஓடி ஓடிப் பார்க்கும். வளராமல் நின்றிருந்தால், அடுத்த கிளினிக் நாளில் மருத்துவமாதுவிடம் காட்ட வேண்டும் என்று நமக்கும் அந்தக் கோடு சொல்லிவிடும்.

அனைவருக்கும் எங்கள் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.